"பார்டர் சுகர்": நகர்ந்துகொண்டே வந்த ஒரு கோடு

வெறும் வயிற்றில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் 108, 115 என்று ஏதாவது வந்துவிட்டால் நம் ஊர்களில் ஒரே பேச்சுதான். "ஒண்ணுமில்லை, பார்டர்ல இருக்கு." சொல்லிவிட்டு இன்னொரு காபிக்கு சர்க்கரை போட்டுக்கொள்வார்கள்.

பார்டர் என்றால் என்ன என்று பொதட்டூர்பேட்டைக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. திருத்தணியும் பள்ளிப்பட்டும் அதைச் சேர்ந்த ஊர்களும் ஒரு காலத்தில் ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தவை. ம.பொ.சி. முன்னின்று நடத்திய எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்துக்கு வந்தன. வீட்டை விட்டு ஓர் அடி நகராமலே மக்கள் மாநிலம் மாறினார்கள். கோடுதான் நகர்ந்தது!

சர்க்கரை நோயின் வரலாற்றிலும் இதேதான் பலமுறை நடந்திருக்கிறது.

முதலில் கோடே கிடையாது. சிறுநீர் இனித்தால் நோய், அவ்வளவுதான். சுஸ்ருதரும் சரகரும் இதை மதுமேகம் என்றார்கள், தமிழ் மருத்துவம் நீரிழிவு என்றது. சிறுநீர் போன இடத்தில் எறும்பு மொய்ப்பதுதான் அடையாளம். அந்தப் பழைய வைத்தியர்கள் ஒல்லியானவர்களுக்கு வருவதையும் பருமனானவர்களுக்கு வருவதையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள் என்பது இன்றைக்கும் ஆச்சரியம்தான். சர்க்கரை சிறுநீரில் மட்டுமல்ல, ரத்தத்திலும் இருக்கிறது என்று 1776-ல் காட்டியவர் லிவர்பூலைச் சேர்ந்த மேத்யூ டாப்சன்.

20-ஆம் நூற்றாண்டில் பெனடிக்ட் கரைசல் வந்தது. சோதனைக் குழாயில் நீலக் கரைசலோடு சிறுநீரைச் சில சொட்டு விட்டுக் காய்ச்சினால், சர்க்கரையின் அளவுக்கு ஏற்ப பச்சை, மஞ்சள், செங்கல் சிவப்பு என்று நிறம் மாறும். பள்ளி ஆய்வகத்தில் பலரும் செய்த சோதனைதான். ஆனால் இதில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. பொதுவாக ரத்தத்தில் சர்க்கரை ஏறக்குறைய 180 மி.கி.யைத் தாண்டினால்தான் சிறுநீரகம் அதை வெளியே விடும். அதற்குக் கீழே இருப்பவருக்குக் கரைசல் நீலமாகவே நிற்கும், "சர்க்கரை இல்லை" என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். எத்தனை பேர் அந்த நீலத்தை நம்பிப் பல வருடங்களை இழந்தார்களோ!

சென்னையில் இதற்கென்றே தனியாக உழைத்தவர் டாக்டர் எம்.விஸ்வநாதன். 1948-ல் ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கென்று தனிப் பிரிவைத் தொடங்கினார். 1954-ல் ராயபுரத்தில் நீரிழிவுக்கான மருத்துவமனையையும் நிறுவினார். ஒரு பொது மருத்துவர் ஓரமாகக் கவனித்துவந்த நோய்க்கு ஒரு தனித் துறையே உருவானது அப்படித்தான்.

சரி, கோட்டுக்கு வருவோம். எந்த அளவுக்கு மேல் நோய் என்பதில் நாட்டுக்கு நாடு, ஏன் மருத்துவமனைக்கு மருத்துவமனையே வேறுபாடு இருந்தது. 1979-80-ல் அமெரிக்க நிபுணர் குழுவும் உலக சுகாதார நிறுவனமும் ஓர் ஒழுங்குக்கு வந்தன. வெறும் வயிற்றில் 140, குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்து 200. அரிசோனாவில் வாழும் பிமா பழங்குடி மக்களிடம் நடந்த ஆய்வுகள் இதற்குப் பெரிய ஆதாரம். 1997-ல் அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 140-ஐ 126 ஆகக் குறைத்தது. ஏன் 126? ஏறக்குறைய அந்த அளவிலிருந்துதான் கண்ணின் விழித்திரையில் பாதிப்பு தெரிய ஆரம்பிக்கிறது என்று ஆய்வுகள் காட்டின. முந்தைய நாள் 130 வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கியவர், எதுவும் செய்யாமலே நோயாளி ஆனார். திருத்தணி கதைதான்!

2003-ல் அதே சங்கம் "முன்நிலை"யின் தொடக்கத்தையும் 110-லிருந்து 100-க்கு இறக்கியது. உலக சுகாதார நிறுவனம் இதை ஏற்கவில்லை, 110-லேயே நின்றுவிட்டது. அதனால் 104 என்று வந்த ஒரே சீட்டு ஓர் இடத்தில் இயல்பு, இன்னோர் இடத்தில் எச்சரிக்கை. பிறகு மூன்று மாத சராசரியைச் சொல்லும் எச்.பி.ஏ.1.சி. பரிசோதனையும் சேர்ந்தது (6.5 சதவீதம் என்றால் நீரிழிவு). இது வசதியானதுதான், வெறும் வயிற்றோடு போக வேண்டியதில்லை. ஆனால் இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை உள்ளவர்களுக்கு இந்த அளவு கூடுதலாகக் காட்டக்கூடும். ரத்தசோகை இவ்வளவு உள்ள நம் நாட்டில் இதை மறந்துவிடக் கூடாது.

இத்தனை கோடுகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டவர்களின் கதி என்ன? இதற்குத் தெளிவான பதில் சென்னையிலிருந்தே வந்தது. டாக்டர் அ.ராமச்சந்திரன் குழுவினர் நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு 2006-ல் வெளியானது. குளுக்கோஸ் குடித்த பின் அளவு "நடுவில்" இருந்த 531 பேரை எடுத்துக்கொண்டார்கள். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் மூன்றே வருடத்தில் 55 சதவீதம் பேருக்கு நீரிழிவு வந்துவிட்டது. பாதிக்கு மேல்! இதே மாதிரி அமெரிக்க ஆய்வில் வருடத்துக்கு சுமார் 11 சதவீதம், இங்கே சுமார் 18 சதவீதம். அமெரிக்கர்கள் நம்மைவிட மிகப் பருமனானவர்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். "நான் ஒல்லி, எனக்கு வராது" என்ற சமாதானம் அங்கேயே உடைந்துபோகிறது.

நடைப்பயிற்சி, உணவு மாற்றம் என்று தொடர்ந்து கவனிக்கப்பட்டவர்களில் இது 39.3 சதவீதம். மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் 40.5. இரண்டையும் செய்தவர்களில் 39.5. அதாவது நடந்தவருக்கு மாத்திரை கூடுதலாக எதையும் தந்துவிடவில்லை. இன்னொன்று, நடந்தவர்களுக்கு எடை குறையவில்லை, ஆனாலும் பலன் கிடைத்தது. எடை இறங்கவில்லையே என்று பத்தாம் நாளே நடையை நிறுத்துகிறவர்கள் இந்த வரியை மட்டுமாவது இரண்டாம் முறை படிக்கலாம்.

பொதட்டூர்பேட்டை நெசவாளர்களின் ஊர். குழித்தறியில் உட்கார்ந்தவருக்குக் கால் மிதித்துக்கொண்டே இருக்கும், கை நாடாவை இழுத்துக்கொண்டே இருக்கும். விசைத்தறியில் அந்த உழைப்பை மோட்டார் எடுத்துக்கொண்டது. ஆள் பக்கத்தில் நின்று, அறுந்த இழையை முடிந்தால் போதும். இது இந்த ஊருக்கு மட்டும் நேர்ந்ததல்ல. வயலில் டிராக்டர், வீட்டில் மிக்ஸி, தெருவில் பைக். டாக்டர் வி.மோகன் குழு 2005-ல் வெளியிட்ட இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண்ணில் ஊசியே கிடையாது. வயது, இடுப்புச் சுற்றளவு, பெற்றோருக்கு நோய் உண்டா, உடல் உழைப்பு எவ்வளவு என்று நான்கே கேள்விகள். நூற்றுக்கு 60-ம் அதற்கு மேலும் என்றால் அபாயம் அதிகம். உடல் உழைப்பே இல்லாதவருக்கு அதில் மட்டும் 30 மதிப்பெண் விழுந்துவிடும். மதிப்பெண் கூடினால் வருத்தப்பட வேண்டிய ஒரே பரீட்சை இதுதான்!

2021 ஆகஸ்டில் தமிழக அரசு "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தைத் தொடங்கியபோது சர்க்கரைப் பரிசோதனை வீட்டு வாசலுக்கே வந்தது. விரலில் குத்திப் பார்க்கும் கருவி அலசிப் பார்க்க மட்டும்தான். நோய் என்று உறுதி செய்ய நரம்பிலிருந்து எடுத்த ரத்தத்தை ஆய்வகத்தில் பார்க்க வேண்டும், அறிகுறி ஏதும் இல்லாதவருக்கு இன்னொரு நாளும் பார்க்க வேண்டும். 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். இந்தியாப் ஆய்வின் கணக்கில் நாட்டில் நீரிழிவு உள்ளவர்கள் சுமார் 10.1 கோடி. பார்டரில் நிற்பவர்கள் அதைவிட அதிகம், சுமார் 13.6 கோடி.