ரைபிள் துப்புரவுக் கருவிகள்

ரைபிள் துப்புரவுக் கருவிகள் என்பவை, ரைபிள் வகைத் துப்பாக்கியைச் சுட்டபின் அதன் குழலிலும் இயங்கு பகுதிகளிலும் தங்கும் கசடுகளை அகற்றவும், உலோகத்தைத் துருவிலிருந்து காக்கவும் பயன்படும் கோல், தூரிகை, துணி, கரைப்பான், எண்ணெய் முதலியன ஆகும். துப்புரவு செய்யாத குழல் கெடுவதைப் போலவே, பொருந்தாத கருவியால் துப்புரவு செய்யப்படும் குழலும் கெடும். ஆகவே, புதிதாகச் சுடக் கற்போர் பல கருவிகளை வாங்குவதைவிட, குழலின் அளவுக்கும் கசட்டின் தன்மைக்கும் ஏற்ற சிலவற்றைத் தேர்வதே சிறந்தது.

கசடுகளின் வகைகள்

* கரி: வெடிமருந்து எரிவதால் உண்டாவது. எல்லா வகைத் தோட்டாக்களிலும் ஏற்படும்.
* ஈயம்: உறையில்லாத ஈயக் குண்டுகளால் படிவது. .22 தோட்டாக்களில் இவ்வகைக் குண்டுகள் மிகுதி.
* செம்பு: செப்புக் கலவை உறையிட்ட குண்டுகள் குழலின் உட்புறத்தில் உராய்வதால் படிவது.
* உப்பு: பழைய தோட்டாக்கள் பலவற்றின் தீமூட்டும் கலவையில் பொட்டாசியம் குளோரேட்டு இருந்தது. அது எரிந்தபின் எஞ்சும் பொட்டாசியம் குளோரைடு காற்றின் ஈரத்தை ஈர்த்துக் குழலைத் துருப்பிடிக்கச் செய்யும். இவ்வுப்பு எண்ணெயில் கரையாது, நீரில் கரையும். இதனாலேயே லீ-என்பீல்ட் ரைபிளின் குழலைக் கொதிநீர் ஊற்றிக் கழுவும் வழக்கம் பிரித்தானியப் படையில் இருந்தது. கழுவிய குழலை நன்கு உலர்த்தி எண்ணெய் இடுதல் வேண்டும்.

கருவிகளைத் தேர்தல்

துப்புரவுக் கோல்: பல துண்டுகளைத் திருகி இணைக்கும் கோல் எடுத்துச் செல்ல எளியது. ஆயினும் அதன் இணைப்பு விளிம்புகள் குழலின் உட்புறத்தை உரசக்கூடும். வீட்டில் பயன்படுத்த ஒரே துண்டாலான, மேற்பூச்சுள்ள கோல் ஏற்றது. இயன்றவரை கோலைத் தோட்டா அறைப் பக்கமிருந்தே செலுத்த வேண்டும். குண்டு வெளியேறும் குழல்வாயின் விளிம்பு தேய்ந்தால் குறி பிசகும். கோல் வளைந்து உரசாமல் நேராகச் செல்ல, அறையில் பொருத்தும் வழிகாட்டிக் குழாய் உதவும்.

இழுகயிறு: எடையுள்ள முனையைக் குழலுக்குள் இறக்கி, மறுமுனையில் கட்டிய துணியை இழுத்துத் துடைக்கும் கயிறு. கயிற்றைச் சாய்வாக இழுத்தால் அதுவும் நாளடைவில் குழல்வாயைத் தேய்க்கும்.

தூரிகை: குழலின் அளவுக்கு உரியதாக இருத்தல் வேண்டும். வெண்கலத் தூரிகை கடினமான கரியையும் ஈயத்தையும் அகற்றும். எஃகுக் கம்பித் தூரிகையைக் குழலில் தவிர்ப்பது நலம்.

கரைப்பான்: கரிக்கும் செம்புக்கும் தனித்தனிக் கரைப்பான்கள் உள்ளன. அம்மோனியா கலந்த கரைப்பான் செம்பைக் கரைக்கும்போது துணியில் நீல நிறம் தோன்றும். வெண்கலத்திலும் செம்பு இருப்பதால், வெண்கலத் தூரிகையைப் பயன்படுத்தினால் குழல் தூய்மையான பின்னரும் நீலம் தெரியும். இப்பணிக்கு நைலான் தூரிகையே பொருத்தமானது. கரைப்பானைக் குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் குழலில் விடக்கூடாது.

எண்ணெய்: மெல்லிய படலமாக இட்டால் போதும். சுடுவதற்கு முன் குழலில் உள்ள எண்ணெயைத் துடைத்தெடுக்க வேண்டும்.

வியட்நாம் போரில் ஏற்பட்ட படிப்பினை

1960களில் வியட்நாம் போரின்போது, எம்16 ரைபிளுக்குத் துப்புரவு மிகுதியாகத் தேவையில்லை என்ற எண்ணம் நிலவியது. போதிய துப்புரவுக் கருவிகளும் பயிற்சியும் இன்றி அது அமெரிக்க வீரர்களுக்கு வழங்கப்பட்டது. தோட்டாவின் வெடிமருந்து வகையும் மாற்றப்பட்டிருந்தது. ஈரமான தட்பவெப்பத்தில் தோட்டா அறைகள் துருப்பிடித்தன. சுட்ட தோட்டாக்களின் கூடுகள் வெளிவராமல் சிக்கின. போர்க்களத்தில் துப்பாக்கி இயங்காமல் வீரர்கள் உயிரிழந்தனர். 1967இல் அமெரிக்க நாடாளுமன்றக் கீழவையின் துணைக்குழு ஒன்று இதனை விசாரித்தது. பின்னர்த் தோட்டா அறைக்குக் குரோமிய முலாம் பூசப்பட்டது. துப்புரவுக் கருவிகளும் வழங்கப்பட்டன. ஓவியர் வில் ஐஸ்னரின் படங்களுடன் படக்கதை வடிவில் பராமரிப்புக் கையேடு ஒன்றும் வெளியிடப்பட்டது.

பாதுகாப்பு

துப்புரவைத் தொடங்கும் முன் தோட்டாப்பெட்டியை நீக்கி, தோட்டா அறை வெறுமையாக உள்ளதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்தல் வேண்டும். துப்புரவு செய்யும் இடத்தில் தோட்டாக்களை வைக்கலாகாது. கரைப்பானின் ஆவியும் கசட்டில் உள்ள ஈயமும் உடல்நலத்துக்குக் கேடானவை. எனவே காற்றோட்டமுள்ள இடத்தில் கையுறை அணிந்து பணிசெய்து, முடித்தபின் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுதல் வேண்டும்.