சுரங்கம் தந்த திசைச்சொற்கள்

தொல்காப்பியர் சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காக வகுத்தார். பிற நிலத்துச் சொல்லுக்கும் தமிழில் இடமுண்டு என்பது அவர் காட்டிய நெறி. அந்நெறிக்குக் கோலார் தங்கவயல் வாழ்வு ஓர் உரை எனலாம்.

1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் நிறுவனத்தார் இங்குச் சுரங்கப்பணியை மேற்கொண்டனர். வட ஆர்க்காட்டுப் பகுதியிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் திரளாக வந்து குடியேறின. இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலிருந்தும் தொழில் வல்லார் வந்தனர். தொழிலோடு சொல்லும் வந்தது. எழுத்தறியாத தொழிலாளியும் 'ஷாஃப்ட்' என்றான். 'கேஜ்' ஏறிப் பாதாளம் புகுந்தான். மூங்கில் தட்டிக் குடில்கள் வரிசையாய் நின்ற இடம் 'லைன்' ஆயிற்று. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3,000 மீட்டருக்கும் கீழே சென்றது. அவ்வாழத்தில் அழுத்தம் தாங்காது பாறை வெடிப்பதை 'ஏர் பிளாஸ்ட்' என்றனர். நில அதிர்வை வீட்டிலிருந்தே உணர்ந்த பெண்களுக்கு, அது வெறும் தொழிற்சொல் அன்று. கீழே சென்றவன் மேலே வருவானோ என்னும் ஏக்கத்தின் பெயர்.

'சயனைடு' என்பதும் இவ்வூர்க் குழந்தைகள் அறிந்த சொல்லே. அரைத்த கல்லிலிருந்து சயனைடு கரைசலால் பொன்னைப் பிரிக்கும் முறையை 1887இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் மெக்ஆர்தரும் ஃபாரஸ்ட் உடன்பிறந்தாரும் கண்டனர். பொன் பிறநாடு சென்றது. எஞ்சிய மண் சயனைடு மலையாய் இங்கே நின்றது.

அந்த ஸ்காட்லாந்தார் தம் பேச்சுமொழியைப் பேணிய திறம் நமக்குப் பாடமாகும். அவர்க்குக் குழந்தை 'பேர்ன்'. தொழிலாளி வேலைக்கு எடுத்துச் செல்லும் ரொட்டி 'பீஸ்'. இவற்றைச் சிதைந்த ஆங்கிலம் என்று இகழ்ந்தாரும் உண்டு. ஆயினும் அறிஞர்கள் தளரவில்லை. அவ்வெளிய சொற்களையெல்லாம் திரட்டி, 1931 முதல் 1976 வரை பத்துத் தொகுதிகளாக ஸ்காட்லாந்து தேசிய அகராதியை வெளியிட்டனர்.

தங்கவயல் தமிழுக்கும் அத்தகைய தொகுப்பு வேண்டாமா? 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. கேஜ் நின்றுவிட்டது, அதில் ஏறி இறங்கிய முதியோர் நாவில்தான் அச்சொற்கள் வாழ்கின்றன. பெங்களூரிலும் பிற ஊர்களிலும் வாழும் அவர்தம் மக்களுக்கு அவை தொலைவாகி வருகின்றன. ஆதலின், ஒவ்வொரு வீட்டாரும் ஒரு குறிப்பேடு எடுத்து, பெரியோர் வழங்கும் சொல்லையும் பொருளையும் எழுதிவைத்தல் வேண்டும். பூமியின் பொன் பிறர்க்காயிற்று. சொல்லாகிய பொன்னையேனும் நாம் இழவாதிருப்போமாக.