பாட்டனார் விட்டுச்சென்ற கைத்துப்பாக்கி

1749 ஆகஸ்ட் 3ஆம் நாள் ஆம்பூர்ப் போர்க்களத்தில் ஆற்காட்டு நவாபு அன்வருத்தீன் கான் வீழ்ந்தார். 1806 ஜூலை 10ஆம் நாள் விடியுமுன்னரே வேலூர்க் கோட்டையில் சிப்பாய்களின் துப்பாக்கிகள் முழங்கின. நம் பகுதியின் வரலாற்றில் வெடிமருந்தின் வாடை புதிதன்று. ஆனால் நாம் இங்கே பேச எடுத்துக்கொண்டது கோட்டையையும் படையையும் பற்றியன்று. பழைய வீடுகளின் மரப்பெட்டிக்குள் துணி சுற்றிக் கிடக்கும் சிறிய கைத்துப்பாக்கியைப் பற்றியது.

பாலாற்றங்கரை ஊர்களுக்குப் போரும் தோலும் ஒன்றோடொன்று பின்னியவை. ஆவாரம்பட்டை கொண்டு சென்னை மாகாணத்தில் பதனிட்ட மாட்டுத்தோல், 1914ஆம் ஆண்டில் மூண்ட போரில் பிரிட்டிஷ் படைவீரர்களின் பூட்சுகளுக்கு மேல்தோலாகப் போயிற்று. 1917இல் அமைந்த இந்தியத் தளவாட வாரியம் தோல் கொள்முதலையும் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விசாரம் வணிகர்கள் சென்னைப் பெரியமேட்டு மண்டிகள் வழியே வெளியுலகத்தோடு உறவு கொண்டனர். மறுபுறம், இம்மாவட்டத்து ஊர்கள் படைக்கு ஆள் அனுப்பின. வேலூரை அடுத்த கம்மவான்பேட்டை இன்றும் இராணுவ கிராமம் என்றே பெயர் பெற்றது. ஆகவே பாட்டனார் வைத்திருந்த துப்பாக்கி என்றவுடன், அது போரிலிருந்து வந்ததே என்று குடும்பத்தார் முடிவு கட்டிவிடுவது இயல்பு.

நண்பர் ஒருவர் அத்தகைய நம்பிக்கையோடுதான் நம்மிடம் வந்தார். கையில் துப்பாக்கி இல்லை. வட ஆற்காடு மாவட்ட முத்திரையிட்ட பழைய உரிமத் தாள் ஒன்றும், ஆயுத வணிகர் தந்த ஒப்படைப்புச் சீட்டும் இருந்தன. முதல் மகாயுத்தத்தில் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஏந்தியதைத் தம் பாட்டனார் வாங்கினார் என்றும், அதை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்றும் சொன்னார். உரிமத்தில் எழுதியிருந்ததோ ‘வெப்லி, .32’ என்பது.

இந்த எண்ணில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. முதற்போரில் பிரிட்டிஷ் படை ஏந்திய வெப்லி ஆறாம் மாதிரி ரிவால்வர், 1915இல் ஏற்கப்பட்டது, அதன் தோட்டா.455, குழலின் நீளம் ஆறு அங்குலம். அடுத்த போரில் பெருவழக்காயிருந்த என்ஃபீல்டு இரண்டாம் எண் ரிவால்வர் 1932இல் படையில் சேர்ந்தது, அது.380 தோட்டாவுக்கு உரியது. .32 அந்தப் படையின் அளவே அன்று. பர்மிங்காமில் பொதுமக்களுக்காகச் செய்து விற்கப்பட்ட வகை அது.

வணிகரின் கடைக்குச் சென்று, அவர் கையிலேயே வைத்துப் பார்த்தோம். பிரிட்டிஷ் அரசுடைமைக்கு அகன்ற அம்புக்குறி முத்திரை. இந்திய அரசின் பொருளானால் அம்பின்கீழ் ‘ஐ’ என்ற ஆங்கில எழுத்து நிற்கும். படை கழித்து விற்றதானால் இரண்டு அம்புகள் நுனியோடு நுனி தொட்டு நிற்கும். இவற்றுள் ஒன்றும் அந்தத் துப்பாக்கியில் இல்லை. பர்மிங்காம் சோதனைச்சாலையின் முத்திரைகளே இருந்தன. பாட்டனாரின் மூத்த மகளார் இதைக் கேட்டு முகம் வாடினார். அதிகாரி சொந்தப் பணத்தில் வாங்கியிருக்கலாமே என்றார். இருக்கலாம், மறுக்க நம்மிடம் சான்றில்லை.

ஆனால் பெருமை குறைந்த இடத்தில் உரிமை கூடிற்று. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழமைந்த விதிகளின்படி, .380, .455 தோட்டாக்களையும் படைக்குரிய 9 மி.மீ. தோட்டாவையும் ஏற்கும் கைத்துப்பாக்கிகள் தடைசெய்யப்பட்ட வகை. அவற்றுக்கு மாவட்ட ஆட்சியர் உரிமம் தர இயலாது. மத்திய அரசின் தனி அனுமதி வேண்டும். உண்மையான போர்த் துப்பாக்கியாக இருந்திருந்தால் நண்பரின் முயற்சி அங்கேயே நின்றிருக்கக்கூடும். .32க்கு அந்தத் தடையில்லை.

‘நூறாண்டுப் பழம்பொருள்தானே, உரிமம் எதற்கு?’ என்று கேட்போர் உண்டு. சட்டத்தின் 45ஆம் பிரிவு வழக்கொழிந்த, தொன்மையான ஆயுதங்களுக்கு விலக்களிக்கிறது. ஆயினும் பழுது பார்த்தும் சுட இயலாதது என்ற நிபந்தனை அதில் இருக்கிறது. எண்ணெயிட்டால் சுடக்கூடிய 1916ஆம் ஆண்டு ரிவால்வரை அந்த விலக்கு காக்காது. இன்னும் சிலர் அச்சத்தால் கிணற்றிலோ பாலாற்றிலோ எறிந்துவிட நினைக்கின்றனர். இது அறிவுடைமையன்று, ஏட்டில் பாட்டனார் பெயரில் பதிந்த ஆயுதம் எங்கே என்று நாளை கேட்டால் பேரன் என்ன சொல்வான்?

21ஆம் பிரிவு வழி காட்டுகிறது. உரிமம் காலாவதியானாலோ வேறு காரணத்தாலோ வைத்திருப்பது சட்டத்துக்குப் புறம்பாகிவிட்டால், தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைக்க வேண்டும். பின்னர் உரிமம் பெற்று மீட்டுக்கொள்ளலாம், தகுதியுடையவருக்கு விற்கலாம். குறித்த காலத்துக்குள் இரண்டும் செய்யாவிட்டால் அரசுடைமையாகும். உரிமம் பெற்றவர் இறந்தபின் அவருடைய சட்டபூர்வ வாரிசுக்கு உரிமம் வழங்க 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகள் இடந்தருகின்றன. 2019ஆம் ஆண்டுத் திருத்தமோ ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. மரபுரிமையாக வருவதும் அந்த எண்ணிக்கைக்குள் அடங்கியே தீரும். அதே ஆண்டில் மாவட்டமும் பிரிந்தது. வட ஆற்காடு முத்திரையோடு வேலூர் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போவதில் பயனில்லை. ஆம்பூர்க் குடும்பத்தார் திருப்பத்தூருக்குப் போக வேண்டும்.

கடைசித் தடை வீட்டுக்குள்ளேயே இருந்தது. வீட்டையும் நிலத்தையும் ஷரீஅத் காட்டும் பங்குகளாகப் பிரிக்கலாம். துப்பாக்கியை எட்டில் ஒன்றாகவும் ஆறில் ஒன்றாகவும் எப்படிப் பிரிப்பது? உரிமம் ஒருவர் பெயரில்தான் வரும். மற்ற வாரிசுகள் ஆட்சேபமில்லை என்று எழுதித்தர வேண்டும். ஒரு மகன் தன் பங்கின் விலையைக் கேட்டான். வணிகரைக் கொண்டு மதிப்பிட்டுக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள். மூத்த மகளார் மட்டும் விலை வேண்டாம் என்று கையெழுத்திட்டுவிட்டு, அந்தப் பழைய உரிமத் தாளைத் தமக்குத் தரும்படி கேட்டார். அலுவலகத்துக்குக் காட்டியபின் தருவதாக நண்பர் ஒப்புக்கொண்டார்.