கித்தாரும் சந்தமும்

தைப்பூசத்தை ஒட்டிய இரவுகளில் செலாயாங்கிலிருந்து பத்துமலைக்குச் செல்லும் சாலைகளில் உறுமியின் ஒலி கேளாத இடம் அரிது. ஒரே நிறச் சட்டை அணிந்த இளைஞர் குழுவினர் காவடி ஏந்துவோரைச் சூழ்ந்து நின்று உறுமியும் தவிலும் முழக்குகின்றனர். வளைந்த குச்சியால் ஒரு முகத்தைத் தேய்த்து உறுமச் செய்வதும் மறுமுகத்தை அடித்து முழக்குவதுமாகிய அக்கருவி, தோட்டப்புறங்களிலிருந்து நகருக்கு வந்து சேர்ந்தது. அம்முழக்கில் முருகன் பாடல் உண்டு. அதை அடுத்தே அண்மைக்காலத் திரைப்பாடல் மெட்டும் உண்டு. பெரியோர் சிலர் முகம் சுளிப்பர். முகம் சுளிக்காமல் சற்றே நின்று கேட்பாருக்கு, கடந்த அறுபது ஆண்டுகளில் இந்நாட்டு இளைஞர் செவியில் விழுந்த மேற்கத்தியத் தாளங்கள் பலவும் அதில் படிந்து கிடப்பது புலப்படும்.

அத்தாளங்கள் இங்கு வந்த வரலாற்றில் தமிழர் பங்கு சிறிதன்று. ஆனால் அவ்விளைஞர் எம்மொழியில் பாடினர் என்று கேட்டால், நெடுங்காலம் வரை விடை தமிழ் என்பதாக இல்லை. ஏன் இல்லை என்பதும், பின்னர் எவ்வாறு தமிழாயிற்று என்பதும் தமிழாசிரியர்கள் எண்ணிப் பார்க்கத்தக்கவை.

ராக் எனப்படும் இசையின் வேர் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் உள்ளது. பருத்திக் காடுகளில் உழைத்த கறுப்பின மக்கள் தம் துயரைப் பாடிய 'புளூஸ்' என்னும் பாட்டு, நகரங்களுக்குப் பெயர்ந்தபோது மின்கித்தாரையும் முரசையும் துணையாகக் கொண்டது. அதுவே 1950களில் வெள்ளை இளைஞரையும் ஈர்த்து 'ராக் அண்ட் ரோல்' எனப் பெயர் பெற்றது. பில் ஹேலி குழுவினர் 1954இல் பதிவு செய்த இசைத்தட்டொன்று, மறு ஆண்டில் வெளிவந்த திரைப்படம் ஒன்றின் தொடக்கத்தில் இடம்பெற்ற பின்னரே உலகப் புகழ் எய்தியது. அப்படம் அடங்காத மாணவரிடையே ஒரு பள்ளியாசிரியர் படும் பாட்டைச் சொல்வது. புதிய இசையும் ஆசிரியர் கவலையும் ஒருங்கே பிறந்தன போலும்!

மலாயாவுக்கு இவ்வலை திரைப்படத்தாலும் வானொலியாலும் வந்தது. 1961இல் கிளிஃப் ரிச்சர்டும் 'ஷேடோஸ்' குழுவினரும் சிங்கப்பூரில் நேரில் இசைத்தபோது அது பெருவெள்ளமாயிற்று. முதற்கித்தார், துணைக்கித்தார், அடிநாதக் கித்தார், முரசு என்னும் நால்வர் அமைப்பை அவர்களிடமே இளைஞர் கற்றனர். பள்ளி மண்டபங்களிலும் திருமண வீடுகளிலும் இத்தகைய குழுக்கள் பெருகின. 1963க்குப் பின் 'பீட்டில்ஸ்' குழுவின் புகழ் பரவவே, அவர்களுடைய கூவலைக் கொண்டே மலாய்ப் புதுப்பாட்டு 'பாப் யே யே' என்று பெயர் பெற்றது. 1964இல் எம். ஒஸ்மான் பாடிய 'சுசானா' அவ்வகையின் தொடக்கப் பாடல்களுள் ஒன்று. அதே ஆண்டில் பி. ரம்லியும் தம் 'தீகா அப்துல்' படத்தில் கித்தாரின் ஓசையையே பொருளாகக் கொண்ட பாடலொன்றை வைத்தார். பழைய மெல்லிசையின் முடிசூடா மன்னராக விளங்கியவரே கித்தாரைப் பாட நேர்ந்தமை காலத்தின் விசையைக் காட்டும். இக்குழுக்களுக்கு 'கூகிரான்' என்ற பெயர் வழங்கிற்று. விறுவிறுப்பான கித்தார்க் குழு என்று பொருள்படும் மலாய்த் தொடரின் சுருக்கம் அது.

இக்காலத்தில் தமிழ் இளைஞர் எங்கிருந்தனர்? அவர்களும் கித்தார் ஏந்தினர். பினாங்கில் டேவிட் ஆறுமுகமும் அவர்தம் இளவல் லோகநாதனும் இடம்பெற்ற 'அலிகேட்ஸ்' குழு 1970களில் ஹாங்காங் வரை சென்று ஆங்கிலப் பாடல்களை இசைத்தது. நாடு திரும்பிய பின் மலாய்ப் பாடல்களைப் பதிவு செய்து, இந்நாட்டின் முதன்மைக் குழுக்களுள் ஒன்றாக உயர்ந்தது. பந்து போல் சுருண்டு நின்ற அவர்கள் தலைமுடி நாடறிந்தது. லோகநாதன் 2007 ஜூன் திங்களில் மறைந்தபோது மலாய், சீன, தமிழ் மக்கள் ஒருங்கே வருந்தினர். மலாய் மொழியை அவர் உச்சரித்த இனிமை குறித்து மலாய் மக்களே பெருமிதம் கொண்டனர். தாய்மொழி வேறாயினும் நாட்டு மொழியில் மக்கள் நெஞ்சைத் தொட்டமை எளிய செயலன்று. அதனைக் குறையாகச் சொல்வார் உளராயின் அது நன்றன்று.

எனினும் வினா எஞ்சுகிறது. அக்கித்தார் ஏன் தமிழில் பேசவில்லை? வானொலியில் உள்நாட்டுக் கலைஞர் பாடிய மெல்லிசைப் பாடல்கள் உண்டு. மேடைகளில் தமிழ் இசைக்குழுக்களும் உண்டு. ஆயின் அம்மேடைகளில் பெரும்பாலும் ஒலித்தவை சென்னையிலிருந்து வந்த திரைப்பாடல்களே. இங்குதான் காரணம் அடங்கியுள்ளது. மலாய்ப் படங்களைத் தந்த சிங்கப்பூர் ஜாலான் அம்பாஸ் படப்பிடிப்பு நிலையம் 1967இல் மூடப்பட்டது. மலாய்ப் பாட்டு இசைத்தட்டை நம்பித் தனியே வளர வேண்டியதாயிற்று. புதிய பாடகருக்கும் புதிய கவிஞருக்கும் அங்கு இடம் இருந்தது. தமிழருக்கோ மெட்டும் சொல்லும் குரலும் ஆயத்தமாகக் கப்பலேறி வந்தன. விசுவநாதனும் பின்னர் இளையராசாவும் மேற்கத்தியத் தாளத்தையும் தம் பாடலுக்குள் அடக்கித் தந்துவிட்டனர். நிறைந்த இலையில் மேலும் பரிமாற யார் வருவர்?

இலங்கையை நோக்கினால் இக்கருத்து இன்னும் தெளிவாகும். அங்கும் சென்னைத் திரைப்பாடல் சென்றது. ஆனால் போர்த்துக்கீசியர் காலத்து எச்சமாகிய 'பைலா' என்னும் துள்ளிசை அம்மண்ணில் வேரூன்றியிருந்தது. அதன் வழியே நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் கித்தாரோடு தமிழில் பாடினர். 'பொப்பிசை' என்றே ஒரு வகை உருவாயிற்று. மனோகரனின் 'சுராங்கனி' இந்நாட்டுத் திருமண மண்டபங்களிலும் ஒலித்தது. உள்ளூர்ச் சிரிப்பையும் உள்ளூர்ப் பேச்சையும் பாட்டாக்கலாம் என்ற துணிவு அவர்களுக்கு இருந்தது. இங்கு அத்துணிவு பிறக்க மற்றுமொரு தலைமுறை வேண்டியிருந்தது.

இடையே 1980களில் மலாய் ராக் இசை ஓங்கிற்று. ஜொகூர் பாருவில் தோன்றிய 'சர்ச்' குழுவின் 'இசபெல்லா' 1989இல் எல்லை கடந்து இந்தோனேசியாவிலும் புகழ் பெற்றது. நீண்ட முடியுடைய பாடகர் தொலைக்காட்சியில் தோன்றத் தடை வந்ததும், 1992இல் தகவல் அமைச்சர் முன்னிலையில் அவர்தம் முடி வெட்டப்பட்டதும் அக்காலத்தின் வேடிக்கைகள். தமிழ்ப் பாட்டின் போக்கை அவ்வலை பெரிதும் மாற்றவில்லை.

மாற்றியது வேறொன்று. நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில் 1973 ஆகஸ்ட் 11ஆம் நாள், ஜமைக்காவில் பிறந்த கிளைவ் கேம்பல் என்னும் இளைஞர் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் நடந்த விருந்தில் இசைத்தட்டுகளைச் சுழற்றினார். பாட்டின் நடுவே குரல் ஓய்ந்து முரசு மட்டும் முழங்கும் சில நொடிகளில்தான் கூட்டம் மிகுதியாக ஆடுவதை அவர் கண்டிருந்தார். ஒரே தட்டின் இரு படிகளை இரு சுழல்பொறிகளில் இட்டு, ஒன்றில் அப்பகுதி முடியும்போது மற்றதில் அதையே தொடங்கி, அந்நொடிகளை நீட்டினார். நீண்ட முழக்கத்தின்மேல் சொற்களை அடுக்கிப் பேசும் வழக்கம் வளர்ந்தது. அதுவே 'ராப்', தமிழில் சொல்லிசை என்பர். இதற்குக் கித்தார் வேண்டா, இசைப்பயிற்சி வேண்டா, பணமும் பெரிதாக வேண்டா. சொல் வேண்டும்.

கோலாலம்பூரில் 1990களில் தோன்றிய 'பொயட்டிக் அம்மோ' குழு தமிழிளைஞரையும் கொண்டது. 1998இல் வெளிவந்த அவர்களது முதல் தொகுப்பு ஆங்கிலத்தோடு மலாய், கண்டோனியம், தமிழ் ஆகிய மொழிகளையும் கையாண்டது. அதில் தமிழ் நான்கில் ஒரு பங்கு. அக்குழுவைச் சேர்ந்த யோகி பி, இளையோர் இருவருடன் 'நட்சத்திரா' என்ற பெயரில் 2006இல் வெளியிட்ட 'வல்லவன்' தொகுப்பில் அப்பங்கு முழுமையாயிற்று. அதில் பெரும்புகழ் எய்திய பாடல், 1980இல் வந்த 'நிழல்கள்' படத்தின் 'மடை திறந்து' என்னும் இளையராசா பாடலை அடிப்படையாகக் கொண்டது. வேலை கிட்டாத இளைஞரின் கதை அப்படம். இருபத்தாறு ஆண்டுகளுக்குப் பின், தோட்டம் இழந்து அடுக்குமாடிகளில் குடியேறியோரின் மக்கள் அம்மெட்டின்மேல் தம் சொற்களை ஏற்றினர். பிறர் மெட்டு, தம் சொல் என்ற இந்த அமைப்பிலேயே நெடுநாள் தடை உடைந்தது. திரைப்பாடலோடு போட்டியிட வேண்டியதில்லை. அதன்மேல் ஏறி நின்று பேசலாம்.

மெட்டைவிடச் சொல்லையும் சந்தத்தையும் நம்பி நிற்கும் பாட்டு தமிழுக்குப் புதிதன்று. இருபது வண்ணங்களைத் தொல்காப்பியர் வகுத்தார். பதினைந்தாம் நூற்றாண்டினரான அருணகிரிநாதர் வல்லெழுத்தும் மெல்லெழுத்தும் மாறி மாறி மோதும் சந்தங்களில் திருப்புகழ் பாடினார். அதை வேகம் குன்றாமல் பிழையின்றிப் பாட நாவுக்குப் பயிற்சி வேண்டும். ஆங்கிலச் சொல்லிசை பெரிதும் அடியின் இறுதியில் ஒத்து வரும் ஓசையை, அதாவது நம் இயைபை, நம்பி நிற்பது. தமிழில் பாடுவோர்க்கோ அடியின் தொடக்கத்தில் எதுகையும் மோனையும் கூடுதலாகக் கிட்டுகின்றன. யாப்பிலக்கணப் பாடத்தில் எதுகை எது என்று கேட்டால் விழிக்கும் மாணவன், சொல்லிசைப் பாடலில் அது தவறினால் உடனே உணர்கிறான். செவி முன்னரே கற்றுவிட்டது. பெயர் மட்டும் அவனுக்குத் தெரியாது. வகுப்பில் கரும்பலகையில் அலகிட்டுக் காட்டுமுன் இச்செவியைப் பயன்படுத்துவதில் இழுக்கொன்றுமில்லை.

குறைகள் உள்ளன. ஆங்கிலக் கலப்பு மிகுதி. வன்முறைக் குழுக்களின் தோரணையைப் பெருமையாகக் காட்டும் பாடல்கள் உண்டு. அவை பிஞ்சு நெஞ்சங்களில் நஞ்சு கலக்கின்றன. ஆனால் இக்குறைகளைச் சுட்டி முழு வகையையும் ஒதுக்குவது, உறுமியைத் தீண்டத்தகாத கருவியென ஒதுக்கிய பழைய மடமையின் மறுபிறப்பாகும். அன்று அதை முழக்கியோர் யார், எதற்காக ஒதுக்கப்பட்டனர் என்பதை நாம் அறிவோம்.

ஒரு நூற்றாண்டுக் காலம் சென்னையிலிருந்து இங்கு மட்டுமே வந்து கொண்டிருந்த பாட்டு, இதன் பின்னர் எதிர்த்திசையிலும் ஓடத் தொடங்கியது. 2007இல் 'பொல்லாதவன்' படத்திலும், 2017இல் 'விவேகம்' படத்திலும் யோகி பியின் குரல் ஒலித்தது. கோலாலம்பூரைக் களமாகக் கொண்ட 'கபாலி' 2016இல் வந்தபோது, மலேசியச் சொல்லிசைக் கலைஞர் ரோஷன் ஜாம்ராக் அதில் இடம்பெற்றார். 2021இல் அறிவும் தீயும் பாடிய 'எஞ்சாயி எஞ்சாமி' உலகெங்கும் கேட்கப்பட்டது. அதன் உள்ளீடாக நிற்பது, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த அறிவின் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்வு. பால்மரக் காட்டில் உழைத்த பாட்டிமார் செலாயாங் அடுக்குமாடிகளிலும் இன்னும் சிலர் உளர். அவர்கள் பாடிய தாலாட்டையும் ஒப்பாரியையும் கேட்டு எழுதிவைத்த மாணவர் மிகச் சிலரே.