செஞ்சியின் சுண்ணாம்பும் பாட்டனார் கட்டிய வீடும்

செஞ்சிக் கோட்டையினுள் இருக்கும் சஆதத்துல்லாஹ் கான் பள்ளிவாசல் 1717-18இல் எழுப்பப்பட்டது. 1714இல் தேசிங்கு ராஜாவை வென்றதன் நினைவாக ஆற்காட்டு நவாப் அதனைக் கட்டினார். (அப்போரில் தேசிங்கிற்காக உயிர்நீத்த நண்பர் ஒரு முஸ்லிம் என்பதை நம் கதைப்பாடல்கள் மறக்கவில்லை.) சிமெண்ட் அறியப்படாத காலம் அது. கொத்தர்கள் நம்பியது சுண்ணாம்பை.

நம் பகுதியில் 1950களில் எழுந்த வீடுகள் பலவும் அதே கைப்பழக்கத்தின் கடைசி வாரிசுகள். அவற்றுள் சிறப்பானது மெட்ராஸ் டெரஸ் கூரை. தேக்கு உத்தரங்களின் மேல் மெல்லிய செங்கற்களைச் சாய்வரிசையில் குத்திட்டு அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்தால் பிணைப்பார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்து இறுக்கி, தட்டோடு பதிப்பார்கள். இன்று அதனை முழுதாக இடித்துவிட்டுக் கான்கிரீட் போடுவதே எளிது என்று சொல்லப்படுகிறது. ஆயினும் பெரும்பாலும் பழுதாவது சுவருக்குள் புதைந்திருக்கும் உத்தர முனைகள்தாம். ஈரத்திலும் கரையானிலும் கெட்ட உத்தரத்தை மட்டும் மாற்ற இயலும்.

சுவரில் செய்யப்படும் தவறு இன்னும் பெரிது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சும், வெயிலில் வெளிவிடும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, பூச்சு பாளம் பாளமாகப் பெயர்கிறது. சுவர் பழையது என்று பழி சொல்லி மறுபடியும் சிமெண்ட்டே பூசுகிறோம்! முதலில் ஒழுகலை அடைத்து, பின் சுண்ணாம்பையே பூச வேண்டும். சிவப்புக் காவித் தரையையும் டைல்ஸ் போட்டு மூடத் தேவையில்லை. கழுவித் தேங்காய் எண்ணெய் தேய்த்தால் பளபளப்பு மீளும். மின்கம்பிகளையும் குளியலறையையும் தாராளமாகப் புதிதாக்கலாம். முதியோர் வாழும் வீட்டில் அது கடமையும்கூட.

கட்டடத்தின் மீது பற்று வைப்பது மார்க்கத்திற்கு உகந்ததா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. கலீஃபா வலீதின் ஆட்சியில், உமர் பின் அப்துல் அஸீஸ் (ரஹ்) மதீனாவின் ஆளுநராக இருந்தபோது, மஸ்ஜிதுந் நபவியை விரிவாக்க அன்னையரின் அறைகள் இடிக்கப்பட்டன. களிமண்ணும் பேரீச்ச மட்டையும் கொண்ட எளிய அறைகள் அவை. அவற்றை அப்படியே விட்டிருந்தால், நபி (ஸல்) அவர்கள் எவ்வளவு குறைவில் நிறைவு கண்டார்கள் என்பதைப் பின்வரும் தலைமுறையினர் கண்ணால் கண்டிருப்பார்களே என ஸயீத் இப்னுல் முஸய்யிப் (ரஹ்) வருந்தியதாக இப்னு ஸஅத் பதிவு செய்கிறார். அந்த வருத்தத்தில் ஆடம்பரம் எங்கே இருக்கிறது? என் கணிப்பில், நல்ல வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டுவதே வீண்விரயத்திற்கு அருகில் நிற்கிறது.

வீட்டை இடித்துவிட்டு நிலைக்கதவை மட்டும் காரைக்குடிப் பழம்பொருள் கடைக்கு விற்பவர்களும் உண்டு. செஞ்சியிலிருந்து பெயர்த்துச் செல்லப்பட்ட தூண்கள் இன்று புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கின்றன. அழகாகவே நிற்கின்றன, ஆனால் எந்தக் கூரையையும் தாங்கவில்லை.

கோட்டையை ஒட்டி வசிப்போர் சட்டத்தையும் அறிய வேண்டும். பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் கூடாது. பழுதுபார்ப்பதற்கும் அனுமதி வேண்டும். அதற்கப்பால் 200 மீட்டர் வரை எப்பணிக்கும் முன் அனுமதி தேவை. 2025 ஜூலையில் கோட்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றுவிட்டதால், கொத்தரை அழைக்கும் முன்பே விண்ணப்பித்துவிடுவது நல்லது.