ஒரே இடத்தில் மூன்று நம்பிக்கைகள்

ஆசியாவில் மதங்கள் எப்படிப் பரவின என்று கேட்டால், நம்மில் பலர் வாளால் என்போம். அல்லது கப்பலில் வந்த பெரியோர் போதித்தார்கள் என்போம். நம் நெகிரி செம்பிலானிலேயே வேறொரு பதில் கல்லாக நிற்கிறது.

மம்பாவிலிருந்து ரந்தாவ், லிங்கி வழியாகத் தெற்கே போனால் பெங்காலான் கெம்பாஸ் வரும். அங்கே நட்ட கற்கள் இருக்கின்றன. தமிழகத்து நடுகற்களைப் பார்த்தவர்களுக்கு அவை அந்நியமாகத் தோன்றா. வாள், கரண்டி, சுக்கான் என்று ஊரார் அவற்றுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். வாள் என்னும் கல்லில் 'அல்லா' என்ற திருநாமம் செதுக்கப்பட்டிருக்கிறது. அருகிலேயே ஷேக் அகமட் மஜ்னுனின் சமாதி. அங்குள்ள கல்வெட்டுத் தூணில் ஜாவி எழுத்தும் உண்டு, பல்லவர் எழுத்தின் வழிவந்த காவி எழுத்தும் உண்டு. ஒன்றில் ஹிஜ்ரி 872, மற்றதில் சக ஆண்டு 1385. இரண்டுக்கும் நான்கு வருடம் இடிக்கிறது, அது அறிஞர்கள் பாடு! ஆக, கல் நடும் வழக்கம், இந்திய எழுத்தும் ஆண்டுக் கணக்கும், இஸ்லாம் ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் கூடியிருக்கின்றன.

நாம்தான் இங்கே சமயம் கொண்டுவந்தோம் என்று மேடையில் பெருமை பேசுகிறோம். பாதி உண்மை. 5ஆம் நூற்றாண்டிலேயே புத்தகுப்தன் என்ற மாலுமி செபராங் பிறையில் பௌத்தக் கல்வெட்டு வைத்தான். ஆனால் கடாரத்து அரசன் சூளாமணிவர்மன் பெயரால் நாகப்பட்டினத்தில் விகாரை எழுந்ததே, அதற்கு ஆனைமங்கலம் ஊரின் வருவாயைத் தந்தவன் சிவபக்தனான ராஜராஜ சோழன். அப்போது 1006ஆம் ஆண்டு. நம்பிக்கை இரு கரைக்கும் போய்வந்திருக்கிறது. அவன் மகன் 1025இல் கடாரத்தின் மீது படையெடுத்ததைத்தான் நாம் அதிகம் பேசுகிறோம்.

பிறகு பால்மரக் காலம். கப்பலேறிய நம் பாட்டன் பாட்டிகளிடம் அரசனும் இல்லை, விகாரையும் இல்லை. லயத்துக்குப் பின்னால் மரத்தடியில் ஒரு கல்லை நட்டு, மஞ்சள் பூசி, முனியாண்டி என்றார்கள். மாரியம்மன் கோயில் பிறகுதான் வந்தது.

எங்கள் தோட்டம் கைமாறியபோது கோயிலுக்கு மாற்று நிலம் கேட்டு அலைந்தோம். மரத்தடிக் கல்லை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. மரம் போயிற்று, கல்லும் போயிற்று. இப்போது அங்கே தாமான் வீடுகள்.

மம்பாவ் வட்டாரத் தோட்டங்களில் பிறந்த பெரியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். எந்த மரத்தடியில் எந்தச் சாமி இருந்தது, யார் நட்டது, எந்த ஊரிலிருந்து வந்தவர்கள் என்று அவர்களிடம் கேளுங்கள். தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.