லாப்லாஸும் ஃபூரியரும்: ஒரே சமன்பாட்டுக்கு இரண்டு விடைகள்

லாப்லாஸ் உருமாற்றத்தின் மாறியைக் கற்பனை எண்ணாக வைத்தால் ஃபூரியர் உருமாற்றம் வந்துவிடும் என்று வகுப்பில் ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுகிறார்கள். காலப்போக்கில் தேய்ந்து மறையும் சார்புகளுக்கு அது சரிதான். எல்லா இடத்திலும் அதை நம்பினால் விடையே மாறிப்போகும்.

ஒரு சமன்பாட்டை எடுத்துக்கொள்வோம். ஒரு சார்பின் வகைக்கெழுவிலிருந்து அதே சார்பைக் கழித்தால் டெல்டா வர வேண்டும். அதாவது நேரம் 0-இல் ஒரே ஒரு தட்டு. டெல்டாவின் உருமாற்றம் இரண்டு முறையிலும் 1. வகைக்கெழு பெருக்கலாகிவிடுவதால், மிஞ்சுவது ஒரு வகுத்தல்தான். லாப்லாஸ் வழியே திரும்பி வந்தால், 0-க்கு முன் பூஜ்ஜியமாக இருந்து, பிறகு அடுக்குக்குறிச் சார்பாக ஏறிக்கொண்டே போகும் விடை கிடைக்கிறது. ஃபூரியர் தருவது வேறு: 0-க்குப் பின் பூஜ்ஜியம், அதற்கு முன்னே, எதிர்க்குறியுடன், கடந்த காலத்தை நோக்கித் தேயும் அடுக்குக்குறிச் சார்பு. இரண்டிலும் 0-இல் தாவல் சரியாக 1. இரண்டுமே சமன்பாட்டை நிறைவு செய்கின்றன!

காரணம் நிபந்தனைகளில் இருக்கிறது. தொடக்கத்துக்கு முன் எதுவும் இல்லை என்பது லாப்லாஸின் நிபந்தனை. வளர்ச்சி எந்த அடுக்குக்குறி வேகத்திலும் இருக்கலாம். ஆலிவர் ஹெவிசைட் 1890-களில் மின்சுற்றுகளுக்குக் கையாண்ட முறையிலும் இதுவே உறைந்திருந்தது. ஃபூரியருக்கோ காலத்தின் திசை ஒரு பொருட்டல்ல. 1950-இல் ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்ற லோரன் ஷ்வார்ட்ஸ் அதற்கென வகுத்த வெளியில், பல்லுறுப்புக்கோவை அளவுக்கு வளரலாம். அடுக்குக்குறி வேகத்தில் வளரும் விடைக்கு அங்கே இடமில்லை.

உராய்வற்ற ஊசலில் சிக்கல் இன்னும் கூடுகிறது. ஃபூரியர் வழியில், இரண்டு அதிர்வெண்களில் பூஜ்ஜியமாகும் கோவையால் வகுக்க வேண்டியிருக்கிறது. அவ்விரு இடங்களிலும் எவ்வளவு டெல்டாவைக் கூட்டினாலும் சமன்பாடு கெடாது. சைன், கோசைன் விடைகள் அப்படித்தான் நுழைகின்றன. லாப்லாஸில் இந்தத் தடுமாற்றமே இல்லை. ஆனாலும் பல மாறிகள் கொண்ட பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகளில் ஃபூரியரின் பலம் தனி. எந்தப் பல்லுறுப்புக்கோவையாலும் ஷ்வார்ட்ஸின் வெளிக்குள் வகுக்க முடியும் என்று லார்ஸ் ஹோர்மாண்டர் 1958-இல் நிறுவினார்.

ஆகவே தொடக்க நிலை தெரிந்த காலத்துக்கு லாப்லாஸ், எல்லையற்று விரியும் இடத்துக்கு ஃபூரியர் என்பதே என் தேர்வு. இரண்டும் ஒன்றே என்று கற்பிக்கும் ஆசிரியர்கள், மேலே சொன்ன அந்த முதல் சமன்பாட்டையாவது கரும்பலகையில் இரு வழியிலும் போட்டுக் காட்ட வேண்டும்.